கிட்டார் தானாகக் கற்க: எந்தப் பாடம், எந்தக் கட்டை

நேயர்களுக்கு வணக்கம். பேனாவும் ஒரு தாளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். உரையின் நடுவில் சில எண்கள் வரும், கேட்டுக்கொண்டே போனால் மனதில் நிற்காது.

குமரி மாவட்டத்தில் கிட்டாருக்குப் பஞ்சமில்லை. மார்த்தாண்டத்திலிருந்து குளச்சல் வரை ஆலயப் பாடகர் குழுக்களில் கிட்டார் உண்டு. டிசம்பரில் கேரல் ரவுண்டு புறப்பட்டால் தெருவுக்குத் தெரு கேட்கும். ஆனாலும் ஆசையாக வாங்கிய கிட்டார் பல வீடுகளில் அலமாரிக்கு மேலே உறையோடு கிடக்கிறது. பாடம் கிடைக்காததால் இல்லை, பாடம் கூடிப்போனதால். யூடியூபில் ஒருவர் கார்டில், அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடியில், ஆரம்பிக்கிறார், அடுத்தவர் ஸ்கேல் என்ற சுரவரிசையில் ஆரம்பிக்கிறார், மூன்றாமவர் பத்தே நிமிடத்தில் ஐந்து பாட்டு என்கிறார். மூன்றிலும் பாதிப் பாதி பார்த்தவர் மூன்று மாதம் கழித்தும் ஒரு பாட்டை முழுசாக வாசிக்க மாட்டார். ஆகவே முதல் ஆறு மாதத்துக்கு ஒரே ஒரு பாடத்தொடரைப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குத் துணை.

அந்த ஒன்றை எப்படித் தேர்வது? முதல் மூன்று பாடங்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சுருதி சேர்ப்பதைச் சொல்லித்தராமல் நேரே பாட்டுக்குப் போகிற தொடரை விட்டுவிடலாம். விரல் நுனி ஃப்ரெட்டுக்கு, அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைக்கு, ஒட்டிப் பின்னால் விழ வேண்டும் என்பதை அருகில் வைத்துக் காட்டுகிறாரா என்று பாருங்கள். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் அழுத்தினால் 'கிர்ர்' என்று இரையும். இன்னும் அழுத்து, இன்னும் அழுத்து என்று சொல்கிறவரிடம் கற்றால் விரல் நோகுமே தவிர இரைச்சல் போகாது. இன்றைக்கு எதை எத்தனை நிமிடம் பயிற்சி செய்வது, எந்த அளவு வந்தால் அடுத்த பாடத்துக்குப் போகலாம் என்று சொல்கிறாரா என்பதுதான் பெரிய சோதனை. பார்வைக்கு அழகான தொடர்களில் பாதி இங்கேதான் தோற்கின்றன.

இந்தச் சோதனைகளில் தேறுகிற ஒன்றைப் பெயர் சொல்லியே சொல்லலாம்: ஜஸ்டின் கிட்டார். ஆஸ்திரேலியாவில் பிறந்த ஜஸ்டின் சாண்டர்கோ நடத்தும் இணையதளம். அடிப்படைப் பாடங்கள் இலவசம், படிப்படியாக அடுக்கப்பட்டவை. ஆங்கிலம்தான், ஆனால் பள்ளிக்கூட ஆங்கிலம் தெரிந்தால் போதும். ஏ, டி, ஈ என்று மூன்று மேஜர் கார்டுகளில் தொடங்குகிறது. அதில் ஒரு நிமிட மாற்றம் என்றொரு பயிற்சி வரும். கைக்கடிகாரத்தில் அறுபது நொடி வைத்துக்கொண்டு ஏயிலிருந்து டிக்கும் டியிலிருந்து ஏக்கும் மாறிமாறிப் பிடித்து, எத்தனை மாற்றம் என்று எண்ணி எழுத வேண்டும். முப்பதைத் தொட்டால் மெதுவான பாட்டு வரும், அறுபதைத் தொட்டால் தடுமாறாமல் வாசிக்கலாம். ஆசிரியர் பக்கத்தில் இல்லாதவருக்கு இந்த எண்ணிக்கைதான் ஆசிரியர்.

தமிழில் பாடங்கள் இல்லையா என்றால், நிறைய உண்டு. விளக்கம் சட்டென்று புரியும். ஆனால் பெரும்பாலானவை பாட்டுக்குப் பாட்டு தனித்தனியாக நிற்பவை, முன்பின் வரிசை இருக்காது. ஆங்கிலத் தொடரில் ஒரு நிலையை முடித்துவிட்டு, அந்த நிலைக்கேற்ற தமிழ்ப் பாட்டைத் தமிழ் வீடியோவில் தேடினால் இரண்டின் பலனும் கிடைக்கும். வேகத்தை 0.75 ஆக்கிப் பாருங்கள். சுருதி மாறாது, வேகம் மட்டும் குறையும். கூடவே வாசிக்க அதுவே வசதி.

புத்தகம் வாங்க நினைப்பவருக்கு ஒரு எச்சரிக்கை. பழைய மரபில் எழுதிய பயிற்சி நூல்கள் கார்டில் தொடங்குவதில்லை. முதல் கம்பியில் ஈ, எஃப், ஜி என்ற மூன்று சுரங்களை ஐந்துகோட்டுக் குறியீட்டில் படிக்க வைத்துத் தொடங்கும். பாட்டுக்குத் துணை வாசிக்க வேண்டுமென்று வாங்கியவர் பத்தாம் பக்கத்தில் சலித்துப்போவார். தேர்வு எழுத நினைப்பவருக்கோ அதுதான் சரியான வழி. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் பாடத்திட்டத்தை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தொடக்கநிலை முதல் எட்டாம் கிரேடு வரை எந்த ஸ்கேல், எந்த வகை இசைத்துண்டு என்று வரிசையாக இருக்கும். தேர்வே எழுதாவிட்டாலும் அடுத்து என்ன என்று தெரிய அதைவிட நல்ல பட்டியல் இல்லை. நைலான் கம்பி கிட்டார் வைத்திருப்பவர் இசையமைப்பாளர்கள் ஃபெர்னாண்டோ சோர், மாட்டியோ கார்காஸி ஆகியோரின் பயிற்சித் துண்டுகளைத் தேடலாம். இருவரும் 19ஆம் நூற்றாண்டில் மறைந்தவர்கள், காப்புரிமை முடிந்துவிட்டதால் ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்த இடத்தில் இன்னொன்று: நைலான் கிட்டாரில் ஸ்டீல் கம்பி பூட்டிவிடாதீர்கள். இழுவிசை ஏறக்குறைய இரண்டு மடங்காகும், கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து வரும்.

பாடம் நன்றாக இருந்தும் ஓசை சரியில்லை என்றால் கிட்டாரைச் சோதியுங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் ஆறாவது கம்பி, அதாவது தடித்த கம்பி, எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளவுகோலை வைத்துப் பாருங்கள். ஸ்டீல் கம்பி கிட்டாரில் இரண்டரை மில்லிமீட்டர் என்றால் நல்லது, மூன்றரையைத் தாண்டினால் புதியவர் விரலுக்குத் தாங்காது. கடையில் கொடுத்து, பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சேடிலைத் தேய்க்கச் சொல்லலாம், சின்ன வேலைதான். அடுத்தது கம்பி. கடலோர உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் துருவேறும். துருவேறிய கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் சுருதி சரியாக இருக்கும், பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் விலகி நிற்கும். கற்பவர் தன் காதைச் சந்தேகிப்பார், குற்றம் கம்பியில் இருக்கும். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கம் சேர்த்துத் துடைத்து, உறைக்குள் வைத்து மூடுங்கள். புதிதாக ஸ்டீல் கம்பி வாங்கும்போது, கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண் 10 அல்லது 11இல் தொடங்கும் செட் கேளுங்கள். 12 கனமானது.

சுருதி சேர்க்கச் செல்பேசிச் செயலி போதும். மிக்ஸியும் தொலைக்காட்சியும் ஓடுகிற வீடென்றால் தலைப்பகுதியில் மாட்டும் கிளிப் டியூனர் நல்லது. அது காற்றிலிருந்து கேட்பதில்லை, மரத்தின் அதிர்வை எடுக்கிறது. திரையில் 440 என்று ஓர் எண் இருக்கும், ஏ சுரத்தின் அதிர்வெண் அது. கைபட்டு அது 432 என்றோ 445 என்றோ மாறிவிட்டால் கிட்டார் தனியாக நன்றாகத்தான் ஒலிக்கும், கீபோர்டோடு சேர்ந்ததும் ஒட்டாது. குழுவில் வாசிக்கும் முன் அந்த எண்ணைப் பாருங்கள். பழைய ஆர்மோனியம் 440இல் நிற்காமல் இருக்கலாம், அப்போது அதற்கேற்ப எண்ணை நகர்த்திக்கொள்ளுங்கள்.

இனி எந்த ஆங்கிலப் பாடமும் சொல்லித்தராத பகுதி. நம் பாடகர்கள் சுருதியைக் கட்டையில்தான் சொல்வார்கள். இங்கே பேனா வேண்டும். ஒரு கட்டை சி. ஒன்றரை சி ஷார்ப், அதாவது சிக்கு அடுத்த மேல் சுரம். இரண்டு டி. இரண்டரை டி ஷார்ப். மூன்று ஈ. நான்கு எஃப். நாலரை எஃப் ஷார்ப். ஐந்து ஜி. ஐந்தரை ஜி ஷார்ப். ஆறு ஏ. ஆறரை ஏ ஷார்ப். ஏழு பி. மூன்றரை கிடையாது, ஈக்கும் எஃப்புக்கும் நடுவில் சுரம் இல்லை.

இந்தப் பன்னிரண்டுக்கும் பன்னிரண்டு விதமாகக் கார்ட் படிக்க வேண்டாம். ஏ, டி, ஈ, ஜி, சி ஆகிய ஐந்தும், கழுத்தில் மாட்டி எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் கவ்வியான ஒரு கேப்போவும் போதும். ஏ குடும்பம் என்றால் ஏ, டி, ஈ. டி குடும்பம் என்றால் டி, ஜி, ஏ. ஜி குடும்பம் என்றால் ஜி, சி, டி. இரண்டு கட்டைக்கு டி குடும்பத்தைக் கேப்போ இல்லாமல் வாசியுங்கள். இரண்டரைக்குக் கேப்போ முதல் ஃப்ரெட்டில், மூன்றுக்கு இரண்டாவதில், நான்குக்கு மூன்றாவதில், நாலரைக்கு நான்காவதில். ஐந்துக்கு ஜி குடும்பம் அப்படியே, ஐந்தரைக்கு ஜி குடும்பத்தோடு கேப்போ முதல் ஃப்ரெட்டில். ஆறுக்கு ஏ குடும்பம் அப்படியே. ஆறரைக்குக் கேப்போ ஒன்றில், ஏழுக்கு இரண்டில், ஒரு கட்டைக்கு மூன்றில், ஒன்றரைக்கு நான்கில். மேஜர் பாட்டுக்கு இது முழுக் கணக்கு. மைனர் பாட்டென்றால் ஏ மைனர், டி மைனர், ஈ மேஜரை வைத்து இதே முறையில் நகர்த்தலாம். கேப்போவை ஃப்ரெட்டுக்கு ஒட்டி மாட்டுங்கள், மாட்டிய பிறகு டியூனரை ஒருமுறை பாருங்கள்.

இணையத்தில் கிடைக்கும் தமிழ்ப் பாட்டுக் கார்டுகளை அப்படியே நம்பக் கூடாது. யாரோ காதால் கேட்டுப் போட்டவை, கேப்போ எங்கே என்பதை எழுதியிருக்க மாட்டார்கள். பல்லவியின் கடைசிச் சுரத்தைப் பாடிப்பாருங்கள், பெரும்பாலும் அதுதான் பாட்டின் சட்ஜம், அதாவது 'ஸ'. அதைக் கிட்டாரில் தேடிப் பிடித்து, எழுதியிருக்கும் முதல் கார்டோடு ஒப்பிடுங்கள். ஜி குடும்பத்துப் பாட்டில் திடீரென்று எஃப் ஷார்ப் மேஜர் எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள், பிழையாக இல்லாமலும் இருக்கலாம்.

தாளத்திலும் ஓர் இடைவெளி உண்டு. தொடக்கநிலை ஆங்கிலப் பாடங்கள் பெரும்பாலும் நான்கெண்ணிக்கையிலேயே சுற்றும். நம் கீர்த்தனைகளிலும் சினிமாப் பாட்டுகளிலும் 'தகிட தகிட' நடை ஏராளம். அதற்குக் கீழ், கீழ், மேல் என்று மூன்றடி. 'த'வில் கொஞ்சம் அழுத்தம். தாளம் தட்டும் மெட்ரோநோமை 60இல் வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு 'தகிட' அடங்குகிறதா என்று பாருங்கள். கார்டே பிடிக்காமல் இடது கையால் கம்பிகளைத் தொட்டு ஓசையை அடக்கிக்கொண்டு வலது கையை மட்டும் பழக்குங்கள். அடங்கிய பிறகு மெட்ரோநோம் எண்ணை நான்கு நான்காகக் கூட்டலாம்.

வீடியோவால் தர முடியாதது ஒன்றுண்டு, உங்கள் கையைப் பார்த்துச் சொல்லும் கண். உங்கள் ஆலயத்துப் பாடகர் குழுவிலோ பக்கத்துத் தெருவிலோ வாசிக்கிற அண்ணனிடமோ அக்காவிடமோ மாதம் ஒருமுறை கால் மணி நேரம் கேளுங்கள். "எப்படி இருக்கு?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லா இருக்கு மக்ளே" என்றுதான் பதில் வரும். "மணிக்கட்டு மடங்குதா, கட்டைவிரல் எங்க நிக்குது, எந்தக் கம்பி ஊமையாகுது?" என்று கேளுங்கள். நேரில் போக முடியாதவர்கள் செல்பேசியை இடது கைப் பக்கம், விரல் நுனி தெரிகிற உயரத்தில் வைத்து ஒரு நிமிடம் பதிவுசெய்து வாட்ஸப்பில் அனுப்பலாம். முகம் தெரிய வேண்டியதில்லை.

நன்றி, வணக்கம்.