வராதவர்களின் கிரியாட்டினின்

நேயர்களுக்கு வணக்கம். சிறுநீரக நோயாளிகள் ஐந்து பேர். சிறுநீரகம் பழுதாகப் பழுதாக ரத்தத்தில் ஏறும் கழிவுதான் கிரியாட்டினின். முதல் வருகையில் அது 1.5, 1.8, 2, 4, 5. சராசரி 2.86. ஆறு மாதத்துக்குள் கடைசி இருவரும் இறந்துவிடுகிறார்கள். மற்ற மூவருக்கும் 0.2 கூடிவிடுகிறது. இப்போது சராசரி 1.97. ஒருவருக்குக்கூட நோய் குறையவில்லை, அறிக்கை மட்டும் தேறிவிட்டது!

வரமுடியாமல் போனவர்களையும் கணக்கில் வைக்கத்தான் கூட்டு மாதிரி என்ற புள்ளியியல் முறை. ஒவ்வொருவரின் கிரியாட்டினினும் எங்கே தொடங்கி எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று ஒரு சமன்பாடு கோடு போடும். அந்தக் கோட்டின் அன்றன்றைய உயரத்தை வைத்து இறப்பு அபாயத்தை இன்னொன்று சொல்லும். இரண்டையும் சேர்த்தே பொருத்த வேண்டும்.

இறப்பு அபாயத்தைக் கணக்கிட, புள்ளியியலாளர் டேவிட் காக்ஸ் 1972-ல் தந்த மாதிரியே போதாதா? மாறும் அளவுகளை அதிலும் சேர்க்கலாம்தான். ஆனால் ஜனவரியில் எடுத்த 1.9, ஏப்ரல் வரை அசையாமல் 1.9 என்றே அது எடுத்துக்கொள்ளும். அன்று உடம்பில் நீர் வற்றியிருந்ததா, லேப் பிழையா என்று பார்க்காது. அதனால் கிரியாட்டினினுக்கும் இறப்புக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் குறைத்தே தெரியும்.

கிரியாட்டினினை 2-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கைக்கு மாற்றிவிடுங்கள். கோட்டின் உயரத்தை அபாயத்தோடு இணைக்கும் எண்தான் இணைப்புக் கெழு. அது 0.8 என்று வந்தால், அளவு இரட்டிக்கும்போது அபாயம் 2.2 மடங்கு (e-யின் 0.8 அடுக்கு). மருத்துவரிடம் அப்படியே சொல்லலாம்.

பழக, ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளின் ஜேஎம் (JM) தொகுப்போடு வரும் மாயோ கிளினிக் கல்லீரல் தரவு போதும்: 312 பேர், 1,945 வருகைகள், 140 இறப்புகள். கணக்கு ஓடாமல் நின்றால் மாதிரியைத் திட்டுவதற்கு முன் தரவைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு கோப்பில் நாள், மற்றதில் மாதம் என்று இருக்கும். இல்லையென்றால் இறந்த தேதிக்குப் பிறகு ஒரு ரத்தப் பரிசோதனை பதிவாகியிருக்கும். ஒரே முறை வந்தவர்களை நீக்காதீர்கள், அவர்களும் தகவல்தான். டயாலிசிஸ் தொடங்கியவருக்குக் கிரியாட்டினினைக் குறைப்பது இயந்திரம். அங்கேயே கோட்டை நிறுத்தி, டயாலிசிஸ் தொடங்கியதைத் தனி நிகழ்வாக வையுங்கள்.

நம் கேரள-தமிழக எல்லைப்புறத்தில் இன்னொரு சிக்கல். கொழிஞ்சாம்பாறைக்காரர் பாலக்காட்டில் நான்கு முறை காட்டிவிட்டு, வாளையாறு தாண்டிக் கோவைக்குப் போய்விடுவார். மகன் வீடு அங்கே என்பதால் போனால் பாதகமில்லை. முற்றிப்போய்ப் பெரிய ஆஸ்பத்திரி தேடிப் போயிருந்தால், 'தொடர்பில்லை' என்று மூடுவது தவறு. அந்த விலகலும் ஒரு நிகழ்வு. அதனால் ரிஜிஸ்டரில் கடைசி வருகைத் தேதிக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, ஏன் வரவில்லை என்று வீட்டுக்குப் போன் செய்து கேட்டு எழுதுங்கள், கேட்ட தேதியோடு.