ஒற்றை நாற்றும் ஊர்க்கூட்டமும்

அவைத் தலைவருக்கும், வயல் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் உழவர் பெருமக்களுக்கும் என் வணக்கம்.

சிறு, குறு உழவர்களிடையே புதுமை வேரூன்ற எல்லாத் தரப்பினரையும் எப்படி ஒன்றுசேர்ப்பது என்று பேசப் பணித்திருக்கிறீர்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு நிலவுடைமையின் சராசரிப் பரப்பு 0.75 ஹெக்டேர்; இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அந்தப் பரப்பில் ஒரு போகம் பொய்த்தால் வீட்டு நகை அடகுக்குப் போகும். ஆகவே புதிய முறை என்றதும் உழவர் தயங்குவதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அந்தத் தயக்கம் எப்படிக் கரைகிறது, எங்கே கரையாமல் நிற்கிறது என்பதை நானறிந்த ஒற்றை நாற்று நடவை, அதாவது நெல் வயலில் ஓரிடத்தில் (ஒரு குத்தில்) ஒரே ஓர் இளநாற்றை நடும் முறையை, வைத்தே சொல்கிறேன்.

இம்முறை ஆய்வுக்கூடத்தில் பிறந்ததன்று. 1961இல் மடகாஸ்கருக்குச் சென்ற பிரெஞ்சு நாட்டு இயேசு சபைத் துறவி ஆன்றி தெ லொலானியே, அந்நாட்டு உழவர்களோடு வயலில் நின்று, அவர்கள் செய்வதைப் பல்லாண்டு கவனித்துத் திரட்டியது இது. குத்துக்கு ஒரே நாற்றை நடும் வழக்கத்தை அவர் அங்குள்ள சில உழவர்களிடமே கண்டார். 1983இல் பதினைந்தே நாளான நாற்றைப் பிடுங்கி நட நேர்ந்தபோது, அது எதிர்பாராத அளவுக்குப் பக்கத் தண்டுகள் விட்டுத் தூர் கட்டியது. உழவரின் கைப்பழக்கமும் ஒரு துறவியின் பொறுமையான கவனிப்பும் சந்தித்த இடத்தில்தான் இப்புதுமை முளைத்தது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் இதை ஆராயத் தொடங்கி, 2003-04இல் காவிரி, தாமிரபரணிப் பாசனப் பகுதிகளில் உழவர்களின் வயல்களிலேயே சோதித்தது. தாமிரபரணிப் பகுதியில் ஹெக்டேருக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் கூடுதலாக விளைந்தது. வழக்கமாக ஏக்கருக்கு இருபது கிலோவுக்கு மேல் விதை போட்டவர்களுக்கு இரண்டு மூன்று கிலோ போதும் என்றால் நம்பிக்கை எங்கிருந்து வரும்? பக்கத்து வயலில் கதிர் சாய்ந்து நிற்பதைக் கண்ணால் கண்ட பிறகுதான் வந்தது.

ஆனால் நான் இன்று அழுத்திச் சொல்ல வந்தது வேறு. அக்காலத்தில் நான் கலந்துகொண்ட பல பயிற்சிக் கூட்டங்களில் அலுவலர்கள் இருந்தார்கள், விஞ்ஞானிகள் இருந்தார்கள், நிலக்காரர்கள் இருந்தார்கள். நாற்றை உண்மையில் நடுகிற பெண்கள் இல்லை. ஒரு முறை வயலில் அதன் விளைவை நேரில் பார்த்தேன். நாற்று முடியைப் பிரித்து நாலைந்து நாற்றாகக் கிள்ளி, குனிந்த நிலையிலேயே மளமளவென்று பின்னால் நகர்ந்து நட்டுப் பழகிய கைகள் அவை. பதினான்கு நாள் நாற்றோ மெலிந்த இளநாற்று. அதை ஒவ்வொன்றாகப் பிரித்து, கயிற்றில் கட்டிய முடிச்சுக்கு நேராக, ஆழம் போகாமல் வைக்கச் சொன்னார்கள். ஒரு வரிசை முடிந்ததும், நடவாட்கள் குழுவான கொத்தின் தலைவி நிமிர்ந்து, “ஏக்கருக்குப் பேசின கூலி இதுக்குக் கட்டுமா ஐயா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவரும் அந்த வரப்பில் இல்லை. மறுநாள் கொத்து வேறு வயலுக்குப் போய்விட்டது.

களையெடுப்பிலும் இதே கதைதான். கோனோ களைக்கருவியை வரிசைக்கு இடையே உருட்டினால் களை சேற்றிலேயே மடங்கி உரமாகும். வேருக்குக் காற்றும் கிடைக்கும். ஆனால் அது கனமாக இருந்ததால் ஆண்கள் கைக்குப் போயிற்று; கைக்களை எடுத்து வந்த பெண்களுக்குச் சில நாள் கூலி போயிற்று. கைப்பிடியை இறக்கி, எடையைக் குறைத்துத் தர உள்ளூர்க் கொல்லரால் முடியும். அவரைக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தோன்றியது?

தண்ணீர் இதைவிடச் சிக்கலானது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சி, நீர் கட்டச் சொல்கிறோம். வயலுக்கு வயல் நீர் வழிந்து போகும் பாசனத்தில், மேல்மடைக்காரர் ஒத்துழைக்காமல் கடைமடைக்காரர் தன் வயலை எப்படிக் காயவிடுவார்? விட்ட தண்ணீர் திரும்ப வருமா என்ற பயத்தில்தான் அவர் எப்போதும் தேக்கி வைக்கிறார். 2000ஆம் ஆண்டின் பாசன அமைப்புகளில் உழவர் மேலாண்மைச் சட்டத்தால் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைந்தன. 2007இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டம், பொதுப்பணித் துறையையும் வேளாண்மை, தோட்டக்கலை, கால்நடை, மீன்வளம் உள்ளிட்ட துறைகளையும் ஒரே உபவடிநிலத்தில், அதாவது ஓர் ஆற்றுப்படுகையின் உட்பகுதியில், சேர்ந்து பணியாற்ற வைத்தது. அது அருமையான ஏற்பாடு. துறைகள் ஒன்றோடொன்று பேசின. அதே அக்கறையோடு மடை திறந்து வயல்களுக்கு நீர் விடும் ஊர்ப் பணியாளரான நீர்க்கட்டியிடமும் பேசியிருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

ஆகவே இந்த வட்டாரத்தில் நீங்கள் அமைக்கப்போகும் குழுவுக்குச் சில வேண்டுகோள்கள். சம்பா நாற்றங்கால் விடுவதற்கு முன்பே கூடுங்கள். நட்டு முடித்த பிறகு கூடிப் பயனில்லை. மண்டபத்தில் வேண்டாம், களத்துமேட்டில் கூடுங்கள். நடவாட்கள் கரையேறும் பிற்பகலில் வையுங்கள். அவர்களுக்கு அன்றைய கூலி இழப்பு ஏதும் இருந்தால் குழுவே ஈடுசெய்யட்டும். ஒற்றை நாற்றுக்கு ஏக்கர் கூலி எவ்வளவு என்பதைக் கொத்துத் தலைவிகளோடு அங்கேயே பேசி முடியுங்கள். கூட்டுறவுச் சங்கச் செயலரும் வரட்டும். புதிய முறையை முதன்முதலில் செய்துபார்க்கும் குத்தகைதாரருக்குப் பயிர்க்கடன் கிடைக்க என்னென்ன தாள்கள் வேண்டும் என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். முதல் போகத்துக்கு ஒருவர் அரை ஏக்கருக்கு மேல் இறங்க வேண்டாம். கொல்லரிடம் இரண்டு களைக்கருவிகளைக் கொடுத்து, அவற்றை உருட்டப்போகும் பெண்களையே பக்கத்தில் நிற்க வைத்து, அவர்கள் உயரத்துக்கு ஏற்பக் கைப்பிடியை அறுக்கச் சொல்லுங்கள்.