40 சர்வர்களில் ஒரே தவறு

[காட்சி: பெங்களூர், அல்சூர் ஏரி, காலை வெளிச்சம். பின் மடிக்கணினித் திரை.]

நான் வேலை பார்க்கும் இடத்தில் 40 சர்வர்கள் என் பொறுப்பு. ஒரு வெள்ளிக்கிழமை, ஃபயர்வால் விதியில் ஒரு போர்ட் எண்ணை, அதாவது இணைப்பு நுழையும் வாசலின் எண்ணை, தவறாக எழுதி, பல சர்வர்களை ஒரே ஓட்டத்தில் மாற்றும் கருவியான அன்சிபிளை ஓடவிட்டேன். கையால் ஒவ்வொன்றாக மாற்றியிருந்தால் முதல் சர்வரிலேயே சுதாரித்திருப்பேன். அன்சிபிளோ என் தவறை 40 இடத்திலும் பிழையில்லாமல் எழுதி முடித்தது.

கண்காணிப்புத் திரை பச்சையாகவே இருந்தது. வாடிக்கையாளர் அழைத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

அதே விதி, கண்காணிப்புக்குத் தரவு வரும் வழியையும் அடைத்திருந்தது. பிழைகள் கூடினால் எச்சரி என்று எழுதியிருந்தோம். எண்களே வராவிட்டால் என்ன செய்வது என்று எழுதவில்லை. எங்கள் கண்காணிப்புக் கருவியான ப்ரோமிதியஸில் அதற்கு 'ஆப்சென்ட்' என்று தனியாக ஒரு விதி எழுத வேண்டும்.

2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 என்ற கோப்புச் சேமிப்புச் சேவை முடங்கியது. கட்டளையில் ஒரு உள்ளீடு தவறியதால், நினைத்ததைவிட அதிக சர்வர்கள் கழன்றுபோயின. அதை அறிவிக்க வேண்டிய நிலைப்பலகையை வெகுநேரம் மாற்ற முடியவில்லை. அதன் நிர்வாகப் பகுதியே எஸ்3-ஐ நம்பியிருந்தது. ஊரார் தவறைச் சொல்லி நான் ஆறுதல் தேடவில்லை. சரி, கொஞ்சம் தேடுகிறேன்தான்.

[காட்சி: திரையில் பிளேபுக்]

பிளேபுக்கில், அதாவது அன்சிபிளுக்கு எழுதிய கட்டளைக் கோப்பில், 'சீரியல்' என்ற இந்த வரியைப் பாருங்கள். 1, 5, பிறகு மீதி என்று கொடுத்தால், முதல் சர்வர் பிழைத்த பிறகே அடுத்த ஐந்துக்குப் போகும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆனால் நம் 40-ம் ஒரே பானையில் வெந்தவை அல்ல. சிலவற்றில் உபுண்டு இயங்குதளத்தின் பழைய பதிப்பு இருக்கிறது. அவற்றிலிருந்தும் ஒன்றை முன்வரிசையில் வையுங்கள்.

பதம் பார்ப்பதில்தான் பலர் இடறுகிறார்கள். சேவையை மறுதொடக்கம் செய்யும் 'ஹேண்ட்லர்' வழக்கமாகக் கடைசியில்தான் ஓடும். அதற்கு முன்பே சோதித்தால், பழைய அமைப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கும் சேவை 'நலம்' என்று சொல்லிவிடும். ஆகவே முதலில் ஹேண்ட்லரை உடனே ஓட்டும் 'ஃப்ளஷ் ஹேண்ட்லர்ஸ்', பிறகு சோதனை. அதையும் வேறொரு சர்வரிலிருந்து நடத்துங்கள். வீட்டுக்குள் நின்று பார்த்தால் வாசல் வெளியே பூட்டியிருப்பது எப்படித் தெரியும்?

எதையும் மாற்றாமல் ஓட்டிப் பார்க்கும் 'செக்' ஒத்திகை உதவும். ஆனால் ஷெல் கட்டளைகளை அது தாண்டிப் போய்விடும்.

எங்கள் கண்காணிப்பு சர்வர் இப்போது மும்பையில், தனி இணைப்பில் இருக்கிறது. அதற்கான பிளேபுக்கும் தனி. அதை ஓட்டும் உரிமை எனக்கு இல்லை; நானே கேட்டு விட்டுக்கொடுத்தேன்.