இலை சுருங்கிய ஆர்க்கிட்: தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டு வேரைப் பாருங்கள்

(காட்சி: மேசையில் ஒரு தொட்டி, இலைகள் தொய்ந்த ஆர்க்கிட்)

வணக்கம். ஃபெலனாப்சிஸ் என்ற இந்த ஆர்க்கிட் வகையின் இலையைப் பாருங்கள், நனைந்த அப்பளம் மாதிரி துவண்டு தொங்குகிறது. பார்த்ததும் தாகம் என்று நினைத்து இன்னொரு சொம்பு தண்ணீரை ஊற்றிவிடுவோம், என் முதல் செடி அப்படித்தான் போனது. தாகம் உண்மைதான். ஆனால் தொட்டியில் தண்ணீர் நிறையவே இருக்கிறது, அதை உறிஞ்சி மேலே அனுப்ப வேர்தான் இல்லை.

இது காட்டில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளரும் செடி. மழையில் நனையும், காற்றில் சீக்கிரம் உலர்ந்துவிடும். வேரைச் சுற்றி வேலமென் என்று பஞ்சு போல ஓர் உறை இருக்கிறது, நனைந்தால் பச்சையாகவும் காய்ந்தால் வெள்ளிச் சாம்பலாகவும் தெரியும். நாள்கணக்கில் ஈரத்திலேயே கிடந்தால் காற்றில்லாமல் வேர் செத்து அழுகும்.

(காட்சி: செடியைத் தொட்டியிலிருந்து எடுத்தல்)

சரி, வெளியே எடுப்போம். நர்சரிச் செடிகளில் பல சமயம் வேருக்கு நடுவே ஸ்பேக்னம் மாஸ் என்கிற பாசி ஓர் உருண்டையாக இருக்கும். மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே சொதசொதவென்று ஈரம் நிற்கும், அழுகல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது, அதைப் பிய்த்து எடுத்துவிடுங்கள்.

இப்போது வேரைக் கழுவி, ஒவ்வொன்றாக விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் உயிருள்ள வேர். நிறத்தைப் பார்த்து வெட்டாதீர்கள், வெளிச்சம் படாத வேர் மஞ்சளாக இருந்தாலும் நன்றாகவே இருக்கும். அழுகியது தொட்டதும் நசுங்கும், மேல்தோல் கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சும். அதையெல்லாம் நெருப்பில் காட்டி ஆறவைத்த கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பூத்தண்டு இருந்தால் அதையும்தான், மனசு கேட்காது, ஆனால் மிச்சமிருக்கும் சத்தைப் பூ இழுத்துக்கொள்ளும்.

வெட்டிய இடத்தில் வைக்கிற பட்டைப்பொடி, அதாவது சமையலுக்குப் போடும் இலவங்கப்பட்டையின் பொடி, பற்றி எல்லாரும் கேட்கிறீர்கள். வெட்டிய முனையில் மட்டும் ஒரு சிட்டிகை வைத்தால் போதும், நல்ல வேரில் பட்டால் அதையும் உலர்த்திவிடும். கிருமியைக் கொல்ல ஊற்றுகிற ஹைட்ரஜன் பெராக்சைடு திரவத்தை நான் ஊற்றுவதில்லை, உயிருள்ள திசுவையும் அது அரிக்கும்.

மீதி வேர் அடங்கும் அளவுக்குச் சின்னத் தொட்டி, முடிந்தால் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக். அதில் கரித்துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும். மட்டையை இரவு முழுக்க ஊறவைத்து, உப்பு போக நாலைந்து முறை அலசுங்கள். மண் வேண்டாம், தேங்காய் நார்த்தூளும் வேண்டாம். வெட்டுக்காயம் உலர ஒரு நாள் விட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள்.

வேரே மிஞ்சவில்லையா? பிழிந்த ஈரப் பாசியை மூடியுள்ள தெளிவான டப்பாவில் பரப்பி, தண்டின் அடி பாசியில் புதையாமல் மேலே உட்காரும்படி செடியை வையுங்கள். வெயில் நேராகப் படக்கூடாது, தினமும் கொஞ்ச நேரம் மூடியைத் திறங்கள். மாதக்கணக்கில் ஆகலாம், எல்லாச் செடியும் பிழைக்காது.

அப்புறம் தண்ணீர். வேர் வெள்ளியாக மாறி, தொட்டியைத் தூக்கினால் கனமில்லாமல் இருக்கும்போது காலையில் ஊற்றுங்கள். நடுக்குருத்தில் தேங்கினால் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள்.

(காட்சி: தண்டின் அடியில் பச்சை முனை)

சுருங்கிய பழைய இலை முழுசாக நிமிராமலே போகலாம், அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். தண்டின் அடியில் இந்தப் பச்சை முனையைத் தேடுங்கள், இதுதான் புது வேர். இது இரண்டு அங்குலமாவது நீளும்வரை உரம் வேண்டாம்.