820 டன் மேடையை வீழ்த்திய ஒரு நழுவல்: கம்பி வடத்தின் முனைக்கு எந்த ஸ்லீவ் சரி?

[காட்சி: அடர்ந்த மலைகளுக்கு நடுவே பெரிய வெண்ணிறத் தட்டு, அதன் மேல் வடங்களில் தொங்கும் மேடை]

வணக்கம் நேயர்களே. 2020 ஆகஸ்ட் 10 அன்று, போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ வானொலித் தொலைநோக்கியில் ஒரு துணை வடம் தன் முனையிலிருந்த சாக்கெட்டை விட்டு உருவிக்கொண்டு விழுந்து, கீழே இருந்த 305 மீட்டர் அகலத் தட்டைக் கிழித்தது. அந்த வடத்தின் நடுப்பகுதி உறுதியாகவே இருந்தது. போனது முனையின் பிடிமானம் மட்டுமே. நவம்பரில் அதே கோபுரத்திலிருந்து சென்ற ஒரு முதன்மை வடம், தன் குறைந்தபட்ச அறுபடு வலிமையில் சுமார் 60 சதவீதச் சுமையைத்தான் தாங்கிக்கொண்டிருந்தபோதே அறுந்தது. டிசம்பர் 1 அன்று, ஏறத்தாழ 820 டன் எடையுள்ள கருவி மேடை முழுவதுமாகத் தட்டின் மேல் விழுந்து நொறுங்கியது.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த முனை மலிவான வேலை அல்ல என்பதுதான். வடத்தின் கம்பிகளைத் துடைப்பம்போல் விரித்து, கூம்பு வடிவச் சாக்கெட்டுக்குள் வைத்து, உருக்கிய துத்தநாகத்தை ஊற்றி இறுக்கும் அந்த முறை, வடத்தின் முழு வலிமையையும் காப்பாற்றுவதாகப் பொறியாளர்கள் நூறாண்டுகளுக்கு மேல் நம்பியிருந்த ஒன்று. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, துத்தநாகம் பல ஆண்டுச் சுமையில் மெல்ல மெல்ல இளகி நகர்ந்ததையே விபத்தின் மூலக் காரணமாகச் சொன்னது. தொலைநோக்கி அனுப்பிய வலுவான ரேடார் அலைகளின் மின்னோட்டம் அந்த நகர்வை விரைவுபடுத்தியிருக்கலாம் என்று ஒரு கருதுகோளையும் அக்குழு முன்வைத்தது. இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, 2017இல் மரியா சூறாவளி அடித்த பிறகு வடங்கள் சாக்கெட்டிலிருந்து வெளியே வந்திருந்தது கண்ணுக்குத் தெரிந்தது என்பதும், அது போதிய அளவு அபாயமாக எடுத்துக்கொள்ளப்படவில்லை என்பதும்தான்.

நம்மில் பெரும்பாலோர் கையாள்வது தொலைநோக்கி வடம் அல்ல. மாடிப்படிக் கைப்பிடியின் 4 மி.மீ. வடம், உடற்பயிற்சிக் கருவியின் பிளாஸ்டிக் உறையிட்ட வடம், பந்தலுக்கான இழுவை வடம், பட்டறையில் சுமை தூக்கும் ஸ்லிங் ஆகியவைதான் நம் கைக்கு வருபவை. ஆனாலும் கேள்வி ஒன்றே: முனையில் வடத்தைப் பிடித்திருக்கும் அந்தச் சிறிய உலோகத் துண்டு, அதாவது ஸ்லீவ் அல்லது ஃபெருல் என்னும் குழாய்த் துண்டு, எவ்வளவு தாங்கும்?

வரலாற்றை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறேன்: 1834இல் ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்ற அதிகாரி இரும்புக் கம்பிகளை முறுக்கி வடமாக்கிப் பயன்படுத்தினார்.

[காட்சி: நான்கு வகை முனைகள் ஒரே வரிசையில்]

இப்போது கணக்குக்கு வருவோம். 6 மி.மீ. தடிமனும், 6×19 அமைப்பும் (ஆறு புரிகள், ஒவ்வொன்றிலும் சுமார் 19 கம்பிகள்), 1770 தரமும் (கம்பியின் இழுவலிமையைக் குறிக்கும் எண்), நடுவே நார் உள்ளகமும் கொண்ட வடத்தின் அறுபடு வலிமை சுமார் 21 கிலோநியூட்டன்; ஒரு கிலோநியூட்டன் என்பது ஏறத்தாழ 100 கிலோ எடை. முனையில் வளையம் மடித்து, முறைப்படி ஃபெருல் அழுத்தினால், ஐரோப்பியத் தரமான ஈஎன் 13411-3 அதற்கு 90 சதவீதம் கணக்கில் கொள்ள அனுமதிக்கிறது, ஆகவே 18.9 கிலோநியூட்டன் மிஞ்சும். யு வடிவக் கிளாம்ப் போட்டால் பொதுவாக 80 சதவீதம், 16.8 மிஞ்சும். சுமை தூக்கும் ஸ்லிங் என்றால், பாதுகாப்பு இடைவெளிக்காக இதை மேலும் 5ஆல் வகுக்க வேண்டும். அப்படி வகுத்தால் ஃபெருல் முனைக்குச் சுமார் 385 கிலோவும், கிளாம்ப் முனைக்குச் சுமார் 340 கிலோவும்தான் கணக்கில் வரும் சுமை. கடையில் "இரண்டு டன் வடம்" என்று சொல்லி விற்பதைக் கொண்டு இரண்டு டன் தூக்க நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை தாளில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று உண்மையாகவே வேண்டுகிறேன்.

அடுத்து, எந்த உலோகத்தில் ஸ்லீவ் வாங்குவது? துத்தநாகம் பூசிய சாதாரண எஃகு வடத்திற்கு, உலர்ந்த இடத்தில், அலுமினிய ஸ்லீவ் போதுமானது. விலையும் குறைவு, அழுத்துவதும் எளிது. அதே அலுமினியத்தைத் துருப்பிடிக்காத எஃகு வடத்தின் மேல் போட்டு, கடற்காற்றில் விட்டால், உப்பு ஈரம் இரண்டு உலோகங்களுக்கும் நடுவே மின்கலம்போல் வேலை செய்யத் தொடங்கும். அதில் கரைவது அலுமினியம். வடம் பளபளவென்று இருக்க, அதைப் பிடித்திருக்கும் ஸ்லீவ் உள்ளிருந்து வெள்ளைப் பொடியாக உதிர்வது, கடலோர வீடுகளின் பால்கனிக் கைப்பிடிகளில் நடக்கக்கூடிய ஒன்று. சென்னையிலோ தூத்துக்குடியிலோ கடலை ஒட்டி வீடு கட்டுபவர்கள் இந்த இடத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

செம்பு ஸ்லீவ் அலுமினியத்தைவிட உறுதியானது. விமானங்களின் கட்டுப்பாட்டு வடங்களுக்கே அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பராமரிப்புக் கையேடு செம்பு ஸ்லீவை அனுமதிக்கிறது. திம்பிளை (வளையத்தின் உட்புறம் வைக்கும் உலோகக் காடியை) சுற்றி வளையமாக முறைப்படி அழுத்தினால் வடத்தின் முழு வலிமைவரை கணக்கில் கொள்ளலாம் என்றும் சொல்கிறது. ஆனால் அதே கையேட்டின் அட்டவணைக்குக் கீழே ஒரு சிறிய குறிப்பு இருக்கிறது: துருப்பிடிக்காத எஃகு வடத்திற்கு வெறும் செம்பு கூடாது, பூச்சு இட்ட செம்பு கட்டாயம். காரணம் மேலே சொன்ன அதே மின்வேதி அரிப்புதான். வெப்பத்தையும் மறக்கக் கூடாது: அலுமினிய ஃபெருலுக்கு, எஃகு உள்ளகம் கொண்ட வடத்தில்கூட 150 டிகிரி செல்சியஸ் வரைதான் எல்லை, நார் உள்ளகம் என்றால் 100 டிகிரி. வார்ப்பாலைக்கு அருகில் வேலை செய்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

அளவு பற்றி ஒரு எச்சரிக்கை. வடத்தின் தடிமனை அளக்கும்போது வெர்னியர் காலிப்பரின் தாடைகள் எதிரெதிர்ப் புரிகளின் முகட்டில் உட்கார வேண்டும். இரண்டு புரிகளுக்கு இடையே உள்ள தட்டைப் பகுதியில் வைத்தால் அளவு குறைந்து, தவறான ஸ்லீவ் வாங்கிவிடுவீர்கள். பிளாஸ்டிக் உறையிட்ட வடத்தில், ஸ்லீவ் உட்காரும் இடத்தில் உறையைச் சீவி எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் வெற்று எஃகின் அளவுக்கே ஸ்லீவ் வாங்க வேண்டும். உறையின் மேலேயே அழுத்தினால் ஸ்லீவ் பிடித்திருப்பது பிளாஸ்டிக்கைத்தான். சுமை ஏறியதும் எஃகு உள்ளிருந்து வழுக்கிக்கொண்டு வரும். எஃகு உள்ளகம் கொண்ட வடத்தில் உலோகம் அதிகம் இருப்பதால், அதே தடிமனுக்குப் பெரும்பாலும் அடுத்த பெரிய எண் ஃபெருல் தேவைப்படும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஃபெருல் தயாரிப்பாளரின் அட்டவணையில் வட அமைப்பையும் சேர்த்துப் பாருங்கள். 1×19 போன்ற விறைத்த ஒற்றைப்புரி வடத்தை வளையமாக மடிப்பதைவிட, நேரடியாக முனையில் அழுத்திப் பொருத்தும் ஸ்வேஜ் டெர்மினல் வாங்குவது நல்லது.

[காட்சி: குறுக்கே அறுத்த ஸ்லீவின் நெருக்கப் படம்]

இந்தக் காணொளியில் எனக்கு மிகவும் பிடித்த படம் இதுதான். சற்று நேரம் இதிலேயே நிற்போம். அழுத்தி முடித்த ஒரு ஸ்லீவைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால், வடத்திற்கும் ஸ்லீவுக்கும் நடுவே இடைவெளியே தெரியாது. அச்சு இறுகும்போது செம்போ அலுமினியமோ சூடேற்றப்படாமலேயே பாய்ந்து, புரிகளுக்கு இடையே உள்ள பள்ளங்களில் எல்லாம் புகுந்து நிரம்பிவிடுகிறது. பிடிகொழுக்கட்டை மாவைக் கைக்குள் வைத்து இறுக்கினால் விரல்களின் தடம் ஒவ்வொன்றும் மாவில் பதிவதுபோல, வடத்தின் முறுக்குத் தடம் முழுவதும் ஸ்லீவின் உட்புறத்தில் பதிந்துவிடுகிறது. வடம் வெளியே வர வேண்டுமானால் அந்தத் தடத்தை உடைத்துக்கொண்டுதான் வர வேண்டும். சுத்தியலால் அடித்தோ, வைஸில் வைத்து நசுக்கியோ இந்தப் பதிவைப் பெற முடியாது; ஏனெனில் அங்கே உலோகம் இரு பக்கமும் தப்பி ஓடித் தட்டையாகிறதே தவிர, உள்ளே புகுவதில்லை. சுற்றிலும் அடைத்துப் பிடிக்கும் சரியான டை, அதாவது அழுத்தும் அச்சு, இருந்தால்தான் உலோகத்திற்கு உள்ளே போவதைத் தவிர வேறு வழி இருக்காது.

எனவே வடம், ஸ்லீவ், டை மூன்றும் ஒரே தொகுப்பு என்று கொள்ள வேண்டும். ஒரு தயாரிப்பாளரின் ஸ்லீவை வேறொருவரின் டையில் அழுத்துவது, வெளிப்பார்வைக்கு அழகாகவே முடியும். ஆனால் அரை மில்லிமீட்டர் குறைவாக இறுகியிருந்தாலும் பள்ளங்கள் நிரம்பாமல் போகலாம். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அழுத்த வேண்டிய ஸ்லீவில், முதலில் நடுவில், பிறகு திம்பிளை ஒட்டிய முனையில், கடைசியாக மறுமுனையில் என்பதே விமானக் கையேடு சொல்லும் வரிசை. ஸ்லீவ் அழுத்தப்படும்போது நீளும். ஆகவே வடத்தின் வால் முனை, அழுத்தி முடித்த பிறகும் ஸ்லீவுக்கு வெளியே சற்று எட்டிப் பார்க்கும்படி முன்பே விட்டுவைக்க வேண்டும். வால் உள்ளே மறைந்திருந்தால், அது எவ்வளவு தூரம் உள்ளே இருக்கிறது என்பதை யாராலும் சொல்ல முடியாது.

அழுத்தியது போதுமா என்பதைக் கண்ணால் தீர்மானிக்க முடியாது என்பதால்தான் கோ-நோகோ கேஜ் இருக்கிறது. வெட்டுகள் கொண்ட ஒரு தட்டை உலோகத் தகடு அது. அழுத்திய ஒவ்வொரு இடத்தின் மேலும் உரிய வெட்டு தாராளமாக நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் கருவி தளர்ந்துவிட்டது அல்லது டை தேய்ந்துவிட்டது. கருவியைச் சரிசெய்து, புது ஸ்லீவில் மீண்டும் செய்யுங்கள். ஸ்லீவை அழுத்தும் கிரிம்பிங் டூலுக்குப் பல ஆயிரம் கொடுத்துவிட்டு இந்தத் தகட்டை வாங்காமல் வருவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

[காட்சி: யு கிளாம்ப், சரியான திசையில் ஒன்று, தவறான திசையில் ஒன்று]

கருவி இல்லாத இடத்தில் யு கிளாம்ப், அதாவது புல்டாக் கிளாம்ப், கைகொடுக்கும். இதில் திசைதான் எல்லாம். அகன்ற சேடில் பகுதி சுமை தாங்கும் நீண்ட வடத்தின் மேல் உட்கார வேண்டும். யு வளைவு வால் பக்கத்தை அழுத்த வேண்டும். மாற்றிப் போட்டால் யு வளைவு சுமை தாங்கும் கம்பிகளையே கடித்து நசுக்கும். ஒன்று இப்படி, ஒன்று அப்படி என்று மாற்றி மாற்றிப் போடுவது பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள், அது தவறு. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிப்படி அரை அங்குல வடத்திற்கு, அடித்து உருவாக்கிய (டிராப் ஃபோர்ஜ்டு) எஃகுக் கிளாம்ப் குறைந்தது 3 வேண்டும். வேறு வகை என்றால் 4 வேண்டும். இடைவெளி 3 அங்குலம். முதல் சுமை ஏறியதும் வடம் சற்றே மெலிவதால், நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும்.

பிளெமிஷ் வளையத்தையும் சொல்லியே ஆக வேண்டும். வடத்தின் ஆறு புரிகளை மும்மூன்றாகப் பிரித்து, இரண்டு பாதிகளையும் எதிரெதிர்த் திசையில் சுற்றி வளையமாக்கி, பிரித்த முறுக்கு தானாகவே மீண்டும் பொருந்தும்படி கோத்து, அதன் மேல் எஃகு ஸ்லீவ் போட்டு அழுத்துவார்கள். ஸ்லீவ் இல்லாமலேயே அந்தப் பின்னல் ஓரளவு சுமையைத் தாங்கும். சுமை தூக்கும் ஸ்லிங்குகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். ஆனால் பட்டறைச் சான்றிதழோடு வாங்குங்கள். கைக் கருவியால் வீட்டில் அழுத்திய வளையத்தைக் கொண்டு மனிதர்களின் தலைக்கு மேல் எதையும் தூக்க வேண்டாம்.

வாங்கிப் பொருத்திய பிறகு செய்ய வேண்டியது எளிது. ஸ்லீவின் வாயும் வடமும் சேரும் இடத்தில் இரண்டின் மேலும் படும்படி பெயின்டால் ஒரு கோடு இழுங்கள். கோடு பிரிந்து நடுவே வெறும் எஃகு தெரிந்தால் வடம் நழுவத் தொடங்கிவிட்டது. அன்றே பயன்பாட்டை நிறுத்த வேண்டும். ஸ்லீவை ஒட்டிய இடத்தில் கம்பி இழைகள் அறுந்து துருத்தினாலும் அப்படியே. பழைய துணியால் மெல்லத் துடைத்துப் பாருங்கள். இழை இருந்தால் துணியில் மாட்டும்.

முனை மூடிய பெட்டிக்குள் இருந்தால் இந்தச் சோதனை பயன்படாது. 2025 செப்டம்பர் 3 அன்று லிஸ்பன் நகரின் குளோரியா மலை ரயில் தடம்புரண்டு 16 பேர் உயிரிழந்தனர். வடம் அறுந்தது பெட்டியோடு அது இணையும் இடத்தில். அந்த இடத்தைப் பிரிக்காமல் பார்க்கவே முடியாது என்று போர்த்துக்கீசிய விசாரணை அமைப்பு தெரிவித்தது. பொருத்தப்பட்டிருந்த வட வகை, முனையில் சுழலும் இணைப்போடு பயன்படுத்த ஏற்றதல்ல என்பதும் அதன் முதற்கட்ட அறிக்கையில் வந்தது. எனவே விற்பனையாளரிடம் வடத்தை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். வடத்தின் அமைப்பு, உள்ளகம், தடிமன், முனையில் வரப்போகும் பொருத்தி ஆகிய நான்கையும் சொல்லி, இவை ஒன்றுக்கொன்று ஏற்றவையா என்று எழுத்தில் வாங்குங்கள்.

துறைமுகத்திலோ, விசைப்படகிலோ, லிஃப்ட் நிறுவும் பணியிலோ இருக்கும் நேயர்கள், உங்கள் இடத்தில் ஸ்லீவை எத்தனை மாதத்திற்கு ஒரு முறை அளக்கிறீர்கள், எந்த நிலையில் கழிக்கிறீர்கள் என்பதைக் கீழே கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். படித்துப் பதில் தருகிறேன். அடுத்த காணொளியில், ஆப்பு வைத்து வடத்தை இறுக்கும் வெட்ஜ் சாக்கெட்டையும், அதில் வால் முனையைச் சுமை வடத்தோடு சேர்த்துக் கிளாம்ப் செய்யக் கூடாது என்பதற்கான காரணத்தையும் பார்ப்போம்.