பச்சைக்கிளிக்குப் புது டயர்: 31 மில்லிமீட்டரில் மாட்டிக்கொண்ட கதை

வணக்கம் மக்களே. மேம்பாலம் ஏற முட்டி வலிக்கிறது, என் லேடீஸ் சைக்கிள் பச்சைக்கிளியை விற்றுவிடலாமா என்று போன வீடியோவில் கேட்டது தப்பாகப் போயிற்று. பாதிப் பேர் "கியர் சைக்கிள் வாங்குங்க ப்ரோ" என்கிறீர்கள். மீதிப் பேர் "முதலில் அந்த லேடீஸ் சைக்கிளை விடுங்க" என்கிறீர்கள். இரண்டும் நடக்காது. கையில் இருப்பது 2,000 ரூபாய். அத்தை கொடுத்த சைக்கிள் அது. பின்னால் தண்ணீர்க் கேன் இருந்தாலும் காலைச் சுழற்றிப் போடாமல் ஏறி உட்காரலாம். நடுவில் குறுக்குக் கம்பி வைத்த உங்கள் சைக்கிளில் கேனோடு ஏறிக் காட்டுங்கள், பார்க்கலாம்.

அப்புறம் சிலர் வாங்கச் சொன்ன அந்த விலை குறைந்த 'மவுண்டன்' சைக்கிள். முன்னால் ஒரு ஷாக் அப்சார்பர், பின்னால் ஒன்று. பெரம்பூரில் எந்த மலை ஏறப் போகிறேன்? ஒவ்வொரு மிதிக்கும் அந்த ஸ்பிரிங் உட்கார்ந்து எழுந்திருக்கும், நாம் போடுகிற பலத்தை அது தின்னும். எனக்கு வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பின் டயரில் நூல் தெரிய ஆரம்பித்துவிட்டது. சைக்கிள் கடைகள் இருக்கிற ரத்தன் பஜார் போனேன். "26 இன்ச் டயர் கொடுங்க" என்றேன். கொடுத்தார்கள், 420 ரூபாய். பட்டன் பட்டனாக, பார்க்கவே கம்பீரமாக இருந்தது. வீட்டுக்கு வந்து மாட்டினால் ஏறவே மாட்டேன் என்கிறது. சோப்புத் தண்ணீர் போட்டேன், ஸ்பேனர் முனையால் நெம்பினேன், கட்டைவிரல் தோல் உரிந்துவிட்டது. இதோ பாருங்கள். ஒரு மணி நேரம்!

அப்புறம்தான் டயர் ஓரத்தில் இருக்கிற பொடி எழுத்தைப் படித்தேன். புது டயரில் 50-559. பழைய டயரில் 37-590. முதல் எண் அகலம், இரண்டாவது எண் டயர் ரிம்மில் உட்காருகிற இடத்தின் விட்டம், எல்லாம் மில்லிமீட்டரில். என்னுடையது 26 × 1 3/8. நான் வாங்கி வந்தது 26 × 1.95. இரண்டுக்கும் பெயர் 26தான், ஆனால் விட்டத்தில் 31 மில்லிமீட்டர் வித்தியாசம். மூன்று சென்டிமீட்டர் மக்களே! இதற்கு இரண்டு பெயர் வைக்க யாருக்குமே தோன்றவில்லையா? கடைக்காரர் "என்ன சைக்கிள்" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம், அது வேறு.

திருப்பிக் கொண்டுபோனால், நெம்பின தழும்பு இருக்கிறது, எடுக்க முடியாது என்றுவிட்டார்கள். சரியான டயர் இன்னொரு 340 ரூபாய். 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கும் உதிரிபாகத்துக்கும் ஜிஎஸ்டியை 12 சதவீதத்திலிருந்து 5 ஆக்கினார்களே, அந்த லாபத்தை நான் ஒரே நாளில் தொலைத்துவிட்டேன்.

அட, ஒன்றை விட்டுவிட்டேன். டயருக்கு முன்னாடியே செயினை அளந்தேன். ஸ்கூல் ஸ்கேல் போதும். ஆணிக்கு ஆணி அரை இன்ச், அப்படி 24 அரை இன்ச் சேர்ந்தால் சரியாக 12 இன்ச் வர வேண்டும். என்னுடையது தேய்ந்து நீண்டு கால் இன்ச் கூடுதலாக வந்தது. செயின் அவ்வளவு தேய்ந்தால் ஃப்ரீவீல், அதாவது பின் வீலில் செயின் ஓடுகிற பல்சக்கரம், அதன் பல்லையும் சேர்த்துத் தின்றிருக்கும். அதனால் இரண்டையும் மாற்ற முடிவு பண்ணினேன்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. பழைய ஃப்ரீவீலில் 18 பல். நம் தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் "22 போடலாமா அண்ணே" என்றேன். "மேம்பாலத்துக்கா தம்பி?" என்று சிரித்தார். ஃப்ரீவீல் கழற்றுகிற கருவியை வைஸில், அதாவது பட்டறை இடுக்கியில், இறுக்கி, வீலை அதன் மேல் கவிழ்த்து, பஸ் ஸ்டீயரிங் மாதிரி இரண்டு கையாலும் இடப்பக்கம் ஒரு திருப்பு. டக். அவ்வளவுதான். முன் பல்சக்கரம் 44. முன்பு பெடல் ஒரு சுற்று சுற்றினால் ஐந்து மீட்டர் போகும், இப்போது நான்கு மீட்டர்தான். வேகம் குறையும், முட்டி பிழைக்கும்.

ஃப்ரீவீல், செயின், டியூப், கூலி எல்லாம் சேர்த்து 790. டயர் இரண்டுக்கும் 760. ஆக 1,550. அந்தக் கம்பீர டயரைக் கீழ்வீட்டுப் பையன் 300 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டான். அவனிடம் இருப்பது மவுண்டன் சைக்கிள். ஆமாம், நான் திட்டின அதே ரகம். அவன் வீடியோ பார்க்க மாட்டான் என்று நம்புகிறேன். கழித்தால் 1,250.

இன்றைக்குக் காலையில் மேம்பாலம் ஏறினேன். கேன் இல்லாமல்தான், ஆனால் சீட்டிலிருந்து எழுந்திருக்காமல் ஏறினேன். பாதியில் ஒரு ஸ்கூட்டர்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்குப் பெருமை. அப்புறம்தான் புரிந்தது, அவர் பார்த்தது என்னை இல்லை, சத்தத்தை. ஃப்ரீவீல் பெரிதாகிவிட்டதால் செயின் எட்டுவதற்காக வீலை அரை இன்ச் முன்னால் தள்ளியிருக்கிறார் அண்ணன். இப்போது புது டயர் மட்கார்டில் சர்ர்ர் என்று உரசுகிறது. கேட்கிறதா? இருங்கள், மைக்கைக் கிட்டே வைக்கிறேன்.