தினைப்புனத்துக் கிளி லண்டன் தோட்டத்துல

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி கேக்குதா? சரி. இன்னைக்கு கிளியப் பத்திதான் பேசப்போறேன், லண்டன்ல தோட்டம் வச்சிருக்கிற யாரைக் கேட்டாலும் அதுமேல ஒரு புகார் வச்சிருப்பாங்க.

ஊர்ல எங்க அப்பாயி கம்பங்கொல்லையில தகரத்தத் தட்டி கிளி விரட்டுவாங்க. அந்த வள்ளியே பரண்மேல நின்னு ஆலோலம் பாடி விரட்டினதுதானே. நான் இங்க வந்து காசு குடுத்து கடலையும் சூரியகாந்தி விதையும் வாங்கி ஃபீடர்ல, அதான் குருவிக்குத் தீனி வைக்கிற கூடுல, தொங்கவிட்டேன், குட்டி குட்டியா ப்ளூ டிட் குருவி வரும்னு. வந்தது எட்டு கிளி, மத்தியானத்துக்குள்ள ஃபீடர் காலி.

அதே செந்தார்ப் பைங்கிளிதாங்க, நம்ம ஜோசியக்காரர் கூண்டுல சீட்டு எடுக்குமே அது. கிட்டார் வாசிச்ச ராக் பாட்டுக்காரர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பறக்கவிட்ட ஜோடிலருந்துதான் இவ்வளவும் வந்துச்சுன்னு ஒரு கதை சுத்துது. நல்ல கதைதான், ஆனா 1855லயே இங்கிலாந்துல நார்ஃபோக்ல கிளி பாத்ததா பதிவு இருக்கு, அவரு பொறந்ததே 1942. வீட்ல வளத்தது அங்கங்க தப்பிச்சுப் போனதுதான், 1969ல கென்ட்ல குஞ்சு பொரிச்சுது, இப்ப பிரிட்டன்ல சுமார் 12,000 ஜோடின்னு கணக்கு. டிஎன்ஏ பாத்ததுல பெரும்பாலும் பாகிஸ்தான், வட இந்தியா பக்கத்து கிளிங்களாம், அதான் இந்தக் குளிரெல்லாம் அதுக்கு ஒரு விஷயமே இல்ல.

2014ல வந்த ஒரு ஆராய்ச்சியில ஃபீடர் பக்கத்துல கூண்டுல ஒரு கிளிய வச்சுப் பாத்தாங்க, அது யாரையும் கொத்தக்கூட இல்ல, சும்மா இருந்ததுக்கே சின்னக் குருவிங்க தீனிக்கு வர்றது கொறஞ்சுபோச்சு, வந்ததுங்களும் தின்னுறத விட்டுட்டு கழுத்தத் திருப்பித் திருப்பி பாத்துட்டே இருந்துச்சாம். மரங்கொத்திய வச்சப்பக்கூட அவ்வளவு பயமில்ல. கிளி சீக்கிரமே, ஃபிப்ரவரி மார்ச்சுலயே, பொந்தப் புடிச்சுக்கும், பின்னாடி வர்ற நட்ஹாட்ச்ங்கிற பொந்துக் குருவிக்கு எடமில்ல, இது பெல்ஜியத்துல பாத்தது.

சிலர் சொல்றாங்க, கிளியும் நம்மள மாதிரி வந்தேறிதானே பாவம்னு. எனக்கு அந்தப் பேச்சே புடிக்காது. நான் யாரோட பொந்தையும் புடிக்கல, வீட்டுக்கு மார்ட்கேஜ் கட்டுறேன்.

அதுக்காக விஷம் கிஷம் வைக்கிற வேலையெல்லாம் வேணாம். கடலையத் தொங்கவிட்டது நாமதானே. கம்பிக்கூண்டு போட்ட ஃபீடர் கிடைக்குது, சின்னது உள்ள நுழையும், கிளியும் பெரிய அணிலும் நுழையாது. எங்க வீட்ல அதான் இப்ப. ப்ளூ டிட் கூண்டுக்குள்ள உக்காந்து சாவகாசமா தின்னுது, கிளி வெளிய தலகீழாத் தொங்கிக்கிட்டு எட்டி எட்டிப் பாக்குது, அந்த ஜோசியக்காரர் பாத்தா என்ன சீட்டு எடுப்பாரோ.